சிறுநீரகம் பழுதான உடம்பில் இளநீர் என்ன செய்கிறது

எங்கள் மாமாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, அது வெளியே தள்ள வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் 3-ஐத் தாண்டிவிட்டது என்று தெரிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பொள்ளாச்சிப் பக்கமிருந்து சொந்தக்காரர் ஒருவர் இருபது இளநீரை வண்டியில் போட்டுக்கொண்டு வந்து வாசலில் இறக்கினார். "தினம் ரெண்டு குடிங்க மாமா, கிட்னியெல்லாம் கழுவி உட்ட மாதிரி ஆயிருமுங்க" என்றார். அவ்வளவு அன்பாகக் கொண்டு வந்தவரிடம் மாமா இதில் ஒன்றைக்கூடக் குடிக்கக் கூடாது என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஏன் என்று அன்றைக்குச் சரியாக விளக்க வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஒரு இளநீரில் 300 மில்லி தண்ணீர் இருந்தால் அதில் 500 முதல் 750 மில்லிகிராம் வரை பொட்டாசியம் இருக்கும். நம் உடம்பிலுள்ள பொட்டாசியத்தில் ஏறக்குறைய 98 சதவீதம் செல்களுக்குள்ளேதான் கிடக்கிறது, வெளியே ரத்தத்தில் ஓடுவது மிகக் கொஞ்சம், லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல். உள்ளுக்கும் வெளிக்கும் இருக்கிற இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் இதயம் தன் துடிப்புக்கான மின்சாரத்தை உண்டாக்குகிறது. சாப்பாட்டில் வரும் பொட்டாசியத்தில் பத்தில் ஒன்பது பங்கைச் சிறுநீரகம்தான் வெளியே தள்ள வேண்டும். அது முடியாமல் போனால் ரத்தத்தில் அளவு ஏறும், துடிப்பு தடுமாறும், சில சமயம் எந்த அறிகுறியும் காட்டாமலே நின்றும் போகலாம். இதில் இன்னொரு சிக்கல், சிறுநீரகத்தைக் காப்பாற்றத் தரும் டெல்மிசார்டன் மாதிரியான பிரஷர் மாத்திரைகளே பொட்டாசியத்தைக் கொஞ்சம் ஏற்றிவிடும். மாத்திரையும் இளநீரும் சேர்ந்தால் ஏற்றம் இரண்டு பக்கமிருந்தும் வருகிறது. சிறுநீரக நோயின் ஆரம்ப நிலையில் இருக்கிற எல்லோருக்கும் இந்தக் கட்டுப்பாடு தேவைப்படாது, ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் எவ்வளவு என்பதுதான் அதை முடிவு செய்யும்.

உப்பைக் குறைக்கிறேன் என்று கடையில் 'சோடியம் குறைந்த உப்பு' வாங்குகிறவர்கள் பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள், பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். இந்துப்பு என்பதோ கிட்டத்தட்ட முழுக்கச் சாதாரண சோடியம் உப்பேதான்.

வாழைத்தண்டுச் சாறு, சிறுபீளைக் கஷாயம், நெருஞ்சில் கஷாயம் எல்லாமே "கிட்னிக்கு நல்லது" என்ற ஒரே பேச்சில் வருகின்றன. பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிற அந்தப் பூளைப்பூதான் சிறுபீளை, அதன் மேல் நமக்கு இருக்கிற நம்பிக்கை இன்று நேற்று வந்ததில்லை. ஆனால் அந்தப் பேச்சில் கிட்னி என்றால் பெரும்பாலும் கல்லடைப்பு. கல் என்பது குழாயில் அடைப்பு, நீர் நிறையப் போனால் உதவும். நாள்பட்ட சிறுநீரக நோயில் வடிகட்டிகளே செத்துப் போகின்றன. நெஃப்ரான் எனப்படும் இந்த வடிகட்டிகள் ஒரு சிறுநீரகத்துக்குச் சுமார் பத்து லட்சம், போனவை திரும்ப முளைப்பதில்லை, மிச்சமிருப்பவை கூடுதல் சுமையை இழுத்து அவையும் தேய்கின்றன. நீர் அதிகம் பிரிந்தால் கழிவும் அதிகம் பிரிந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

அப்புறம் ஏன் "அந்தப் பொடி சாப்பிட்டேன், கிரியேட்டினின் 4-லிருந்து 3 ஆனது" என்று பலரும் உண்மையாகவே சொல்கிறார்கள்? கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. கத்திரி வெயிலில் உடம்பு வறண்டிருக்கும்போது எடுத்த ரிப்போர்ட்டில் அது ஏறியிருக்கும், நீர்ச்சத்து சரியானதும் தானாக இறங்கும். கறிக்குழம்பை நிறுத்தினால் கொஞ்சம் இறங்கும். சாப்பாடு குறைந்து தசை கரைந்தாலும் இறங்கும், அது நல்ல செய்தியே அல்ல. பொடி எந்த வேலையும் செய்யாமலே நம்பர் குறைய இத்தனை வழி இருக்கிறது என்பதால், ஒரே ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது ஒரு செடி. ஆடுகூடக் கடிக்காது என்பதால் ஆடுதின்னாப்பாளை என்று பெயர், காட்டு ஓரங்களில் படர்ந்து கிடக்கும். இதுவும் ஈஸ்வரமூலி என்ற மூலிகையும் அரிஸ்டோலோக்கியா என்ற ஒரே இனம், இரண்டிலும் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில், உடல் இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கு அடுத்தடுத்து சிறுநீரகம் செயலிழந்தது. சேர்க்க வேண்டிய சீன மூலிகைக்குப் பதிலாக இந்த இனத்துச் செடி ஒன்று கலந்துவிட்டதுதான் காரணம். பாதிக்கப்பட்டவர்கள் நூறு பேருக்கு மேல். கழிவை வெளியேற்ற ரத்தத்திலிருந்து பொருட்களை இழுத்துக்கொள்ளும் சிறுநீரகக் குழாய்ச் செல்கள் இந்த அமிலத்தையும் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. அங்கே அது டிஎன்ஏவோடு ஒட்டிக்கொண்டு, செல் செத்த இடம் தழும்பாகிறது. பல வருடம் கழித்துச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வரலாம்.

இதெல்லாம் சொல்வதால் மாத்திரை தவிர வேறெதுவும் வேண்டாம் என்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மாமா தினமும் காலையில் தோப்பைச் சுற்றி நடக்கிறார், அதில் பிரஷரும் சர்க்கரையும் கட்டுக்குள் வருகின்றன, மிச்ச நெஃப்ரான்களுக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது. மெதுவாக மூச்சு இழுத்து விடும் பயிற்சியும் பிரஷரைக் கொஞ்சம் இறக்கும். இந்த நோயில் வருகிற அரிப்புக்கு, குளித்ததும் ஈரம் காயும் முன் காங்கேயத்துத் தேங்காயெண்ணெய் தடவுகிறார், ராத்திரி தூங்க முடிகிறது. காய்களை நறுக்கி நிறையத் தண்ணீரில் வேக வைத்து, வடித்த நீரைக் கொட்டிவிட்டு அத்தை பொரியல் செய்கிறார், பொட்டாசியத்தில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும்.

போன முறை செக்கப்புக்குப் போகும்போது வீட்டிலிருந்த பொடி, லேகியம், வேர் எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு டாக்டர் மேசை மேல் வைத்தோம். அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பெயர் எழுதாத இரண்டு டப்பாக்களை மட்டும் தனியே எடுத்து வைத்து, இவற்றில் என்ன இருக்கிறது என்று தெரியும் வரை தொடாதீர்கள் என்றார்.