போக்கர் மேசையின் மர்ம உறையும் வீட்டுக் கணக்கும்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் உள்ள என் ஆலோசனை அறையில், மேசையின் ஓரத்தில் ஒரு பழைய மைலோ டின் இருக்கிறது. அதற்குள் நான்காக மடித்த முப்பது காகிதத் துண்டுகளைப் போட்டு வைத்திருக்கிறேன். போக்கர் என்ற சீட்டாட்டத்தால் கடனில் விழுந்து வருகிறவர்களிடம், அறிவுரை எதையும் சொல்வதற்கு முன்னால், அந்த டின்னை நகர்த்தி வைத்து ஒரு துண்டை எடுக்கச் சொல்வேன். அது எதற்காக என்பதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

சூதாட்டச் சிக்கலோடு என்னிடம் வருகிறவர்களில் அண்மைக் காலமாக ஒரு புதிய வகையினரைப் பார்க்கிறேன். முப்பது வயதை ஒட்டியவர்கள், படித்தவர்கள், பெரும்பாலும் எண்களோடு வேலை செய்கிறவர்கள். அவர்களில் ஒருவர் முதல் சந்திப்பில் சொன்ன வாக்கியத்தைப் பிறகு வேறு வேறு வாய்களிலிருந்தும் கேட்டுவிட்டேன்: "மேடம், நான் நாலு நம்பர் வாங்குறவன் இல்ல. கணக்குப் போட்டு ஆடுறவன்." நாலு நம்பர் என்பது நான்கு இலக்க எண்ணுக்குப் பணம் கட்டும் லாட்டரி. அவர் பொய் சொல்லவில்லை. அவர் போட்ட கணக்கும் பெரும்பாலும் சரியாகவே இருந்தது. சரியான கணக்கோடு ஒருவர் எப்படி 40,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கடனுக்குள் போனார் என்பதுதான் இங்கே நாம் புரிந்துகொள்ள வேண்டியது. (இங்கே நான் சொல்லும் ஆள், அடையாளம் தெரியாதபடி இரண்டு மூன்று பேருடைய அனுபவங்களைச் சேர்த்து உருவாக்கப்பட்டவர்.)

இவர்கள் ஆடுவது 'மிஸ்டரி பௌண்டி' எனப்படும் மர்மப் பரிசுப் போட்டி. பழைய நாக்-அவுட் போட்டியில் ஓர் ஆட்டக்காரரை வெளியேற்றினால் இன்ன தொகை என்று முன்பே தெரியும். இதில் தெரியாது. குறிப்பிட்ட கட்டத்துக்குப் பிறகு ஒருவரை வெளியேற்றுகிறவர் ஓர் உறையை எடுத்துப் பிரிக்க வேண்டும். அதில் சில்லறையும் இருக்கலாம், முழுப் போட்டியின் முதல் பரிசை மிஞ்சும் தொகையும் இருக்கலாம். லாஸ் வேகாஸில் நடக்கும் உலகப் போக்கர் தொடரில், 2022இல், 1,000 டாலர் நுழைவுக் கட்டணம் கொண்ட ஒரு போட்டியில் ஒரே உறைக்குள் பத்து லட்சம் டாலர் வைக்கப்பட்டது. மேட் கிளான்ட்ஸ் என்ற ஆட்டக்காரர் அதை எடுத்தார். அந்தக் காணொளியைப் பார்க்காத போக்கர் ஆட்டக்காரர் ஒருவரைக்கூட நான் இன்னும் சந்திக்கவில்லை. இன்று அதே அமைப்பு, நூறு வெள்ளி ஆட்டங்களாகக் கைப்பேசிக்குள்ளும் வந்துவிட்டது.

நூறு வெள்ளிக் கட்டணம், 200 நுழைவுகள் என்று வைத்துக்கொள்வோம். நூறில் 10 வெள்ளி நடத்துகிறவருக்கு; 45 வெள்ளி வழக்கமான பரிசுக்கு; மீதி 45 வெள்ளி உறைகளுக்கு. அப்படியானால் உறைகளில் மொத்தம் 9,000 வெள்ளி. கடைசி முப்பது பேர் எஞ்சும்போது உறைகள் திறக்கத் தொடங்கும் என்றால், இறுதியில் வெல்பவரின் தலைக்குரிய உறையையும் சேர்த்து முப்பது உறைகள். ஒன்றில் 3,000 வெள்ளி, இரண்டில் தலா 1,000, ஏழில் தலா 200, மீதி இருபதில் தலா 130. கூட்டிப் பார்த்தால் 9,000 வரும், சராசரி 300. என் மைலோ டின்னில் இருப்பதும் இதே முப்பதுதான்.

இந்த வகை ஆட்டத்துக்கென்று உண்மையிலேயே ஒரு வியூகம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. மறுத்தால் எதிரில் இருப்பவர் என் பேச்சைக் கேட்பதை அந்த நொடியே நிறுத்திவிடுவார். ஒவ்வொருவருக்கும் தொடக்கத்தில் 10,000 சிப் (பந்தயம் கட்டும் வில்லைகள்) என்றால் மேசைகளில் மொத்தம் இருபது லட்சம் சிப் இருக்கும். முப்பது பேர் எஞ்சும்போது ஒருவரிடம் சராசரியாக 66,000க்குச் சற்று மேல். ஒருவரிடம் உள்ள மொத்த சிப்பைத்தான் அடுக்கு என்கிறார்கள். வழக்கமான பரிசும் 9,000 வெள்ளி என்பதால், அந்தச் சராசரி அடுக்கின் மதிப்பு ஏறத்தாழ 300 வெள்ளி. அதாவது ஓர் உறையின் சராசரி மதிப்பும் ஒரு சராசரி அடுக்கின் மதிப்பும் சமம். அந்த அளவு சிப் வைத்திருக்கும் எதிராளி ஆல்-இன் போகிறார், அதாவது கையில் உள்ள சிப் முழுவதையும் பந்தயம் கட்டுகிறார், அவரைவிட உங்களிடம் சற்றுக் கூடுதலாக இருக்கிறது என்றால், சாதாரணப் போட்டியில் பாதிக்குப் பாதி வாய்ப்பு உள்ள சீட்டு கையில் இருந்தால்தான் அதே அளவு கட்டி ஈடுகொடுக்கலாம். இங்கே வெல்லும்போது உறையும் சேர்ந்து வருவதால் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பே போதும். (பிளைண்ட் எனப்படும் கட்டாயப் பந்தயத் தொகையையும், மேல் இடங்களுக்குப் பரிசு கூடிக்கொண்டே போவதால் வரும் அழுத்தத்தையும் ஒதுக்கிவைத்துச் சொல்கிறேன்.) 3,000 வெள்ளி உறை போய்விட்டால் எஞ்சிய 29 உறைகளின் சராசரி 207ஆக இறங்கும், தேவைப்படும் வாய்ப்பும் 37 விழுக்காட்டுக்கு ஏறும். எதிராளியிடம் உங்களைவிட அதிகம் சிப் இருந்தால், நீங்கள் வென்றாலும் அவர் வெளியேறமாட்டார், உறையும் வராது. ஆகவே உறைகள் திறக்கும் முன்பே அடுக்கைப் பெருக்கிக்கொள்ள வேண்டும், திறந்த பிறகு சிறிய அடுக்குகளைத் தேடித் தாக்க வேண்டும், பெரிய உறை போனதும் மீண்டும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். இவ்வளவும் சரி.

சிக்கல் அந்தச் சராசரி என்ற சொல்லுக்குள் இருக்கிறது. என் டின்னிலிருந்து முப்பது தடவையில் இருபது தடவை 130தான் வரும். 300 என்று எழுதிய துண்டு அதில் ஒன்றுகூடக் கிடையாது. உறைகளுக்கென்று ஒதுக்கிய பணத்தில் மூன்றில் ஒரு பங்கு ஒரே உறைக்குள் அடைபட்டிருப்பதால், அந்த உறை கைக்கு வராத காலம் முழுவதும், சராசரித் திறமை உள்ள ஆட்டக்காரருக்கு நூறு வெள்ளிக்கு ஏறத்தாழ 75 வெள்ளிதான் திரும்புகிறது. அந்த 75இலும் கணிசமான பங்கு முதல் சில இடங்களுக்கே போகிறது. அந்த உறை ஒரு நுழைவில் அவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு இருநூற்றில் ஒன்று. வாரம் ஒரு போட்டி என்று ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள், நூறு போட்டிகள் ஆடினாலும், பத்தில் ஆறு பேர் அந்த உறையைத் தொடவே மாட்டார்கள். மற்றவர்களைவிட இரட்டிப்புத் திறமை உள்ளவர்களிலும் மூன்றில் ஒருவருக்கு மேல் தொடமாட்டார்கள். சராசரி என்பது ஆயிரக்கணக்கான ஆட்டங்களில் வந்து நிற்கும் எண். மாதம் 4,500 வெள்ளி சம்பளத்தில், காருக்கும் வீட்டுக்கும் தவணை கட்டும் ஒருவரால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. சராசரி வந்து சேரும் முன் பணம் முடிந்துவிடும்.

40,000 வெள்ளி கடனோடு வந்த அந்த ஆட்டக்காரர் முதல் நாள் டின்னிலிருந்து பதினோரு துண்டுகளை எடுத்தார். ஒன்று எடுத்தால் போதும் என்றுதான் சொல்லியிருந்தேன். எட்டு 130, மூன்று 200. ஒவ்வொரு துண்டையும் அவர் ஒரே முறையில் பிரித்தார்: ஒரு மடிப்பைத் திறந்து, பெருவிரலால் எண்ணை மறைத்துக்கொண்டு, அடுத்த மடிப்பைத் திறந்து, பிறகு விரலை மெல்ல விலக்கினார். அங்கே பணம் எதுவும் இல்லை, என் கையெழுத்தில் எழுதிய எண்கள் மட்டுமே என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் எட்டாவது துண்டின்போது அவர் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். அதைச் சுட்டிக்காட்டியபோது வெகுநேரம் பேசவில்லை.

பரிசு எப்போது வரும் என்று தெரியாத நிலையில்தான் ஒரு செயல் மிக ஆழமாகப் பழக்கமாகிறது என்பதை, ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகள் கடந்த நூற்றாண்டிலேயே காட்டின. ஒவ்வொரு கொத்துக்கும் தானியம் பெற்ற புறா, தானியம் நின்றதும் கொத்துவதை விரைவில் விட்டுவிட்டது. எத்தனை கொத்துக்கு ஒரு தானியம் என்று தெரியாத புறா நெடுநேரம் கொத்திக்கொண்டே இருந்தது. சாதாரணப் போக்கரிலேயே இந்த நிச்சயமின்மை உண்டு. அதன்மேல் உறை இன்னோர் அடுக்காக வந்து அமர்கிறது. அதுவும் வென்ற அந்த நொடியிலேயே வருவதால், திறமையால் கிடைத்த வெற்றியும் குலுக்கலில் வந்த தொகையும் மனத்துக்குள் ஒன்றாகிவிடுகின்றன. இதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். நாலு நம்பர் வாங்குகிறவருக்குத் தான் அதிர்ஷ்டத்தை நம்புவது தெரியும், இவருக்குத் தெரியாது.

வியூகமும் தன் பங்குக்குப் பணத்தைக் கேட்கிறது. உறைகள் திறக்கும் கட்டத்துக்குச் சிறிய அடுக்கோடு போய்ப் பயனில்லை என்பதால், தொடக்கத்திலேயே துணிந்து ஆட வேண்டும் என்று நம்புகிறார்கள். துணிந்தால் சீக்கிரம் வெளியேறுவார்கள். அந்தக் கட்டத்தில் மறுநுழைவு திறந்தே இருக்கும். இன்னொரு நூறு வெள்ளி கட்டினால் மீண்டும் உட்காரலாம். இந்த ஆட்டக்காரரின் கைப்பேசியில் 'போக்கர் கணக்கு' என்ற குறிப்பு இருந்தது. போட்டியின் தேதி, எடுத்த உறை, வந்த பரிசு எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தார். கட்டணம் என்ற இடத்தில் ஒவ்வொரு போட்டிக்கும் 100 என்றே இருந்தது. அவருடைய மனைவி, மகனின் கட்டம் போட்ட கணக்கு நோட்டில், வங்கி அறிக்கையைப் பார்த்து வேறொரு பட்டியல் எழுதிக் கொண்டு வந்திருந்தார். அதில் ஒரே சனிக்கிழமை இரவில் நான்கு முறை 100 போயிருந்தது. அடுத்த வாரம் மூன்று முறை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். "இத நான் மறைக்கல மேடம், மறுநுழைவ தனியா எண்ணணும்னு தோணவே இல்ல" என்றார். நான் அவரை நம்பினேன். அவருடைய மனைவி நம்பவில்லை. அவர் இருந்த நிலையில் அதுவும் நியாயமே.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டும். 2024 மே 11 முதல் ஊழியர் சேம நிதியில் மூன்றாவதாக ஒரு நெகிழ்வுக் கணக்கு இருக்கிறது. 55 வயதுக்குட்பட்டவர்களின் மாதச் சந்தாவில் பத்து விழுக்காடு அதில் சேர்கிறது, குறைந்தது 50 வெள்ளி இருந்தால் எந்த நேரத்திலும் எடுக்கலாம். அவசரத்துக்கென்று வந்த நல்ல ஏற்பாடு அது. என்னிடம் வருகிறவர்களில் பலர் முதலில் கைவைத்தது அதில்தான், ஏனென்றால் வீட்டில் யாருக்கும் தெரியாது. அடுத்தது கடன் அட்டை, பிறகு நண்பர்கள், கடைசியில் புலனத்தில் விளம்பரம் அனுப்பும் வட்டி முதலை. உரிமம் பெற்ற கடன் கொடுப்பவர், 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிணையில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்க முடியாது. அதற்கு மேல் ஒருவர் வட்டி பேசினால், அவர் யார் என்று வேறு விளக்கம் தேவையில்லை.

சட்டத்தைப் பற்றி ஒரு சொல். இந்த நாட்டில் உரிமம் உள்ள சூதாட்ட விடுதி கெந்திங் மலையில் இருப்பது ஒன்றே. அடுக்குமாடி வீடுகளில் நடக்கும் பண ஆட்டங்கள் 1953ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் குற்றம். நடத்துகிறவருக்கு மட்டுமல்ல, அங்கே உட்கார்ந்து ஆடுகிறவருக்கும். அதனால்தான் உறையில் வந்த தொகையை நடத்துகிறவர் கொடுக்காமல் இழுத்தடித்தாலும் போய் முறையிட இடமில்லை. இப்படி ஏமாந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் தன் கையேட்டைத் திருத்தியபோது, சூதாட்டக் கோளாறை மது, போதைப்பொருள் பழக்கங்களோடு ஒரே பிரிவில் சேர்த்தது. ஒன்பது அறிகுறிகளில் நான்கு ஓராண்டுக்குள் தென்பட்டால் அது நோய் எனக் கொள்ளப்படும். இழந்ததை மீட்க மறுநாளே திரும்பிப் போவது, தொகையைப் பற்றி வீட்டில் பொய் சொல்வது, நிறுத்த முயன்று முடியாமல் போவது, கடனை அடைக்கப் பிறரை நம்பியிருப்பது ஆகியவை அவற்றுள் நான்கு. இதை நான் சொல்வது யாரையும் நோயாளி என்று முத்திரை குத்துவதற்கு அல்ல. இதற்குச் சிகிச்சை உண்டு, அது பலருக்குப் பலன் தருகிறது என்பதற்காகவே.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மகன் அழுதான் என்பதற்காக முழுக் கடனையும் ஒரே நாளில் கட்டிவிடாதீர்கள். நகையை அடகு வைத்துக் கட்டிய பல குடும்பங்கள், ஆறு மாதத்துக்குள் அதே தொகையோடு என் முன்னால் உட்கார்ந்திருக்கின்றன. முதலில் சம்பளம் வரும் கணக்கை இருவரும் பார்க்கும்படி மாற்றுங்கள், கைப்பேசியின் அன்றாடப் பணமாற்று வரம்பைக் குறையுங்கள், பிறகு கடன்களைப் பட்டியலிடுங்கள். வங்கிக் கடன்களை மறுசீரமைக்க, மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனம் இலவசமாக உதவுகிறது. வட்டி முதலையின் மிரட்டலுக்குக் காவல் நிலையம்தான் வழி. மனநல மருத்துவரைப் பார்க்க விரும்பினால், ஒரு வெள்ளிக் கட்டணத்தில் அரசாங்கச் சுகாதார நிலையத்தில் தொடங்கிப் பரிந்துரைக் கடிதம் வாங்கலாம். ஆலோசகரிடம் போவதானால், அவர் 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

முதல் சந்திப்புக்கு வரும்போது கடைசி ஆறு மாத வங்கி அறிக்கையை அச்செடுத்துக் கொண்டு வாருங்கள், மின்பணப்பையின் பட்டியலையும் சேர்த்து. மறுநுழைவுகளை ஒவ்வொன்றாகத் தனி வரியில் எழுதுங்கள். கணவனும் மனைவியும் ஒரே நாளில் வர வேண்டும் என்பதில்லை. அந்த ஆட்டக்காரரும் அவருடைய மனைவியும் மூன்று வாரம் தனித்தனியாகத்தான் வந்தார்கள், நான்காவது வாரம் அதே கட்டம் போட்ட நோட்டில் அந்த ஆட்டக்காரரே எழுதத் தொடங்கினார்.