ஒரு வீச்சுக் காற்று

வானிலை பற்றிப் பேசும்போது 'கஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல் அடிக்கடி வரும். வீசிக்கொண்டிருக்கும் காற்று திடீரென்று பலத்து, சில விநாடிகளில் தணிந்துவிடுமே, அதுதான். காற்றின் வேகம் என்று பொதுவாகச் சொல்வது 10 நிமிடச் சராசரியை. அதற்குள் ஒரு 3 விநாடி எட்டிப்பிடித்த உச்சம்தான் கஸ்ட். பழைய நோர்ஸ் மொழியில் பீறிட்டுப் பாய்வதைக் குறிக்கும் வினையோடு உறவுள்ள சொல் அது.

தமிழில் என்ன சொல்வது? சென்னை வானிலை அறிக்கை "மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 60 கிலோமீட்டர் வேகத்திலும்" என்று சொல்லும். அந்த 'இடையிடையே'க்குள்தான் கஸ்ட் ஒளிந்திருக்கிறது. நம் இலங்கை அறிக்கையில் இடிமழையோடு 'தற்காலிகமாகப் பலத்த காற்று' வரும். பொருள் விளங்குகிறது, ஆனால் பெயர் சொல்லி அழைக்க முடியவில்லை.

'சூறாவளி' என்று போட்டுவிடலாமா? மட்டக்களப்பில் கூடாது. சூறை என்றால் கொள்ளை, வளி என்றால் காற்று. 1978 நவம்பர் 23 அன்று இந்த ஊரைச் சூறையாடிப்போன காற்றுக்கு அந்தச் சொல்லைக் கொடுத்தாயிற்று. கதவைச் சாத்திவிட்டுப் போகும் காற்றுக்கு அதை எப்படிச் சொல்வது?

'கச்சான்' இன்னொரு வகை. வெளியூர்க்காரருக்கு நிலக்கடலைதான் நினைவுக்கு வரும். இங்கே அது காற்றும்கூட. தென்மேற்கிலிருந்து வரும் காற்று மலைநாட்டின் மறுபக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது வறண்டு சூடேறிவிடும். கச்சான் ஒரு பருவத்துக் காற்றின் பெயர், கஸ்டின் பெயர் அல்ல. ஆனால் கஸ்டைத் தோலில் உணர வேண்டுமென்றால் கச்சான் காலத்துப் பகலில் முற்றத்தில் நின்றால் போதும். குப்பென்று முகத்தில் அடிக்கும், புழுதி எழும், எங்கோ ஒரு ஜன்னல் படாரென்று மோதும். அப்புறம் முருங்கை இலைகூட அசையாது. 'குப்' என்ற அந்த ஒலிக்குறிப்பில் சூடும் வேகமும் சேர்ந்தே இருக்கின்றன. வாடைக் காற்றை யாரும் குப்பென்று வந்தது என்பதில்லை, அது சிலுசிலுக்கும்.

பெயர்ச்சொல்லாக எனக்குப் பிடித்தது 'வீச்சு'. வாவியில் வீச்சுவலை எறிபவரைப் பாருங்கள். உடம்பை முறுக்கி ஒரு வீச்சு, வலை விரிந்து விழுந்ததும் அமைதி, பிறகு அடுத்த வீச்சு. வலையையும் வீசுகிறோம், காற்றும் வீசுகிறது, வினை ஒன்றுதான். 'ஒரே வீச்சில் முடித்தான்' என்கிறபோதும் தொடங்கி உடனே முடிகிற ஒரு செயலைத்தான் சொல்கிறோம். கஸ்டுக்கும் அதுதானே இயல்பு! கணிதப் பாடத்தில் வீச்சுக்கு வேறு பொருள் உண்டு. குழப்பம் வரும் இடத்தில் 'காற்று வீச்சு' என்று எழுதினால் சரி.

கடலுக்குப் போகிறவருக்கு இப்படிச் சொல்லலாம்: காற்று மணித்தியாலத்துக்கு 40 கிலோமீற்றர், வீச்சு 60.