இங்கிலாந்தில் முதியோர் பராமரிப்புச் செலவு: கவுன்சில் தானாகச் சொல்லாதவை

ஒருவர் வாழ்நாளில் தன் பராமரிப்புக்குக் கட்டவேண்டிய செலவுக்கு அரசு உச்சவரம்பு கொண்டுவரப்போகிறது என்று இன்னும் சிலர் காத்திருக்கிறார்கள். காத்திருக்க வேண்டாம். 2016இல் 72,000 பவுண்டு உச்சவரம்பு வருவதாக இருந்தது. தள்ளிப்போட்டு, கடைசியில் கைவிட்டார்கள். 2021இல் 86,000 என்றார்கள். 2024 ஜூலையில் புதிய அரசு, பணமில்லை என்று அதையும் ரத்து செய்தது. நடப்பில் இருப்பது பழைய விதிதான்: 23,250 பவுண்டுக்கு மேல் சேமிப்பு, சொத்து இருந்தால் முழுச் செலவும் உங்களுடையது. 2010இலிருந்து இந்தத் தொகை நகரவே இல்லை. விலைவாசி மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

உதவி கேட்டு கவுன்சிலுக்கு (உள்ளாட்சி நிர்வாகம்) போன் செய்தால் முதலில் சேமிப்பைத்தான் கேட்பார்கள். இருக்கிறது என்றால், "அப்ப நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று போனை வைத்துவிடுவதும் உண்டு. இது தவறு. பணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பராமரிப்புத் தேவையை மதிப்பிட்டே ஆகவேண்டும் என்கிறது 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டம் (கேர் ஆக்ட்). மின்னஞ்சலில் கேளுங்கள், போன் பேச்சுக்குச் சாட்சி கிடையாது.

அதற்கும் முன்னால் கேட்கவேண்டியது, அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்-இன் 'கன்டினியூயிங் ஹெல்த்கேர்' என்னும் உதவி. தேவை முதன்மையாக உடல்நலம் சார்ந்தது என்று முடிவானால் செலவு முழுக்க என்எச்எஸ் உடையது, சொத்தைப் பார்க்கவே மாட்டார்கள். ஆஸ்பத்திரியில் படுக்கையைக் காலி செய்யும் அவசரத்தில் பல குடும்பங்களுக்கு யாரும் இதைச் சொல்வதில்லை. முழு மதிப்பீடு தேவையா என்று பார்க்கும் முதல்கட்டப் படிவமான 'செக்லிஸ்ட்' போட்டீர்களா என்று நீங்களே கேளுங்கள். மதிப்பீட்டில் குடும்பத்தில் ஒருவர் கட்டாயம் இருக்கவேண்டும். நம் பெரியவர்கள் வந்தவரிடம் மரியாதைக்காக "நல்லா இருக்கேன்" என்பார்கள், அது அப்படியே பதிவாகிவிடும். இரவில் எத்தனை முறை எழுந்தார், எப்போது விழுந்தார் என்று தேதியோடு எழுதி வையுங்கள். முழு மதிப்பீட்டுக்குப் பிறகு மறுத்தால் 6 மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்கலாம்.

சரி, வீடு? அதில் கணவனோ மனைவியோ, 60 வயதோ அதற்கு மேலோ ஆன உறவினரோ வசித்தால் கணக்கில் வராது. வீட்டிலேயே பராமரிப்பு பெற்றாலும் வராது. "பிள்ளை பேருக்கு எழுதி ஏழு வருடம் போனால் போதும்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அந்த ஏழு வருடக் கணக்கு வாரிசு வரிக்கு. செலவைத் தவிர்க்கவே எழுதிக்கொடுத்தீர்கள் என்று கவுன்சில் முடிவு செய்தால், எத்தனை வருடம் ஆனாலும் வீடு இன்னும் உங்களுடையது என்றே கணக்கிடலாம்.

கடைசியாக 'டாப்-அப்', அதாவது கவுன்சில் தரும் தொகைக்கு மேல் இல்லம் கேட்கும் கூடுதல் பணம். கவுன்சில் செலவை ஏற்கும்போது, தன் தொகைக்குள் அடங்கும், தேவைக்குப் பொருத்தமான ஓர் இல்லத்தையாவது அது காட்டவேண்டும். காட்டாமல் பிள்ளைகளிடம் கூடுதல் பணம் கேட்கக்கூடாது. கையெழுத்துக்குக் காகிதம் நீட்டினால், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லுங்கள்.