"இன்ஜின் நியூட்ரல்லதான் இருந்துச்சு டாக்டர்"

இந்த வருடத்தில் இது மூன்றாவது கால். போன சனிக்கிழமை மாலை கொண்டு வந்தார்கள். நம்மூர்க்காரர், அமெரிக்காவில் வேலை, மனைவி மகளோடு கரீபியனுக்கு விடுமுறைக்கு வந்தவர். கெண்டைக்கால் சதை மூன்று வரியாகக் கிழிந்திருந்தது. ஒரே இடைவெளியில் ஓடும் அந்தக் கோடுகளைப் பார்த்தால் என்ன நடந்தது என்று கேட்கவே வேண்டாம். படகின் ப்ரொப்பெல்லர். வலிக்கு ஊசி போடும்போது அவர் தமிழில் சொன்ன முதல் வார்த்தைதான் மேலே இருக்கும் தலைப்பு.

இதற்கு முன் வந்த இருவரும் இதையேதான் சொன்னார்கள். எனக்குக் கோபம் வருகிறது, அவர்கள் மேல் அல்ல. இதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லையே என்றுதான்.

வர்ஜின் தீவுகளுக்கு வருகிறவர்கள் பலரும் ஒரு நாள் படகு எடுத்து யோஸ்ட் வான் டைக் போகிறார்கள். சுமார் 300 பேர் வாழும் குட்டித் தீவு. அங்கே ஒயிட் பே கடற்கரையில் இருக்கும் 'சாகி டாலர்' பாருக்குப் படகுத்துறையே கிடையாது. தள்ளி நங்கூரம் போட்டுவிட்டு, நீந்தியோ தண்ணீரில் நடந்தோ கரையேற வேண்டும். நனைந்த டாலர் நோட்டை நீட்டிக் குடித்தவர்களால் வந்த பெயர் அது. அருமையான இடம், நானும் குடும்பத்தோடு போயிருக்கிறேன். இவருக்கு அடிபட்டது அங்கே இல்லை, வேறொரு தீவில். ஆனால் இப்படித் தண்ணீரில் இறங்கி ஏறும் கடற்கரைகள் இந்தப் பக்கம் நிறைய.

இத்தகைய இடங்களில் படகின் பின்பக்கத்தைக் கரைக்குத் திருப்பி நிறுத்துவார்கள். ஏணி பின்னால் இருக்கிறது. இன்ஜினும் பின்னால்தான், ஏணிக்கு ஒரு கை தூரத்தில்.

இப்போது அந்த நியூட்ரல். காரில் நியூட்ரல் போட்டு, பிரேக் பிடித்து நிற்கிறோமே, அதே ஞாபகத்தில் இதையும் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். படகுக்கு பிரேக் இல்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் நியூட்ரலிலும் சில ப்ரொப்பெல்லர்கள் மெல்லச் சுழன்றபடியே இருக்கும். சரி, சுழலவில்லை என்றே வையுங்கள். நியூட்ரலுக்கும் கியருக்கும் நடுவே இருப்பது ஒரு கைப்பிடியின் சின்ன அசைவு. யாரோ தடுமாறி அதன் மேல் சாய்ந்தால் போதும். நங்கூரம் இழுபடுகிறது, பக்கத்துப் படகு நெருங்குகிறது என்று கேப்டனே சட்டென்று கியரைத் தட்டலாம். அவர் நிற்கும் இடத்திலிருந்து ஏணியடியில் தண்ணீருக்குள் இருக்கும் தலை தெரியாது. நிமிடத்துக்கு 3,200 சுற்று ஓடும் மூன்று இதழ் ப்ரொப்பெல்லர் ஒரு நொடியில் 160 தடவை வெட்டும். அவ்வளவு வேகம்கூட வேண்டாம், மெல்லச் சுற்றும் இதழே தசைநாரை அறுத்துவிடும். ஆக, நியூட்ரல் என்றால் இன்ஜின் ஓடுகிறது என்றுதான் அர்த்தம். ஓடும் இன்ஜின் பக்கம் யாரும் போகக் கூடாது.

என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் காலையில் அடிபட்டவர்கள் அல்ல. போகும்போது எல்லோரும் நிதானமாக இறங்குகிறார்கள். சாயங்காலம் திரும்பும்போதுதான் எல்லாம் நடக்கிறது. 'பெயின்கில்லர்' என்று ஒரு பானம் இங்கே பிரபலம். ரம், அன்னாசிச் சாறு, ஆரஞ்சுச் சாறு, தேங்காய்க் கிரீம், மேலே துருவிய ஜாதிக்காய். ஜூஸ் மாதிரியே இறங்கும். பல இடங்களில் 2, 3, 4 என்று நம்பர் கேட்பார்கள், ரம் எத்தனை அவுன்ஸ் என்ற கணக்கு அது. ஓர் அவுன்ஸ் ஏறக்குறைய 30 மில்லி. நாலாம் நம்பரில் இரண்டு குடித்தால் 240 மில்லி ரம். நம்மூர் குவார்ட்டரே 180தான். அதோடு வெயிலில் நாலு மணி நேரம், அப்புறம் நெஞ்சளவுத் தண்ணீரில் அலையோடு ஏணியைப் பிடிக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் "கிளம்பலாம்" என்று இன்ஜினைப் போட்டிருப்பார்கள்.

தயவுசெய்து இதைச் செய்யுங்கள். முதல் ஆள் தண்ணீரில் இறங்குமுன் இன்ஜின் நிற்க வேண்டும், சாவி வெளியே வர வேண்டும். திரும்பும்போதும் அப்படித்தான். சத்தம் கேட்டால் ஏணியை நெருங்காதீர்கள், கேப்டன் கண்ணில் படும்படி பக்கவாட்டில் தள்ளி நின்று கை காட்டுங்கள். புகை நாற்றம் அடித்தாலும் விலகுங்கள், கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு பின்பக்கம்தான் தேங்கும். குழந்தைகளுக்கு லைஃப் ஜாக்கெட் போகும்போது மட்டுமல்ல, வரும்போதும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறப்போகிறவர் அன்று குடிக்கவே கூடாது, இதில் பேச்சே இல்லை. வேகப் படகில் முன்பக்கம் உட்கார்ந்து, அலையில் அது தூக்கிப் போடுவதை ரசிக்க வேண்டாம், இடுப்புக்கு மேலே முதுகெலும்பு நொறுங்கி வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அடிபட்டுவிட்டால் துண்டை மடித்துக் காயத்தின் மேல் பலமாக அழுத்துங்கள். ரத்தம் நிற்காவிட்டால் காயத்தின் மீது அல்ல, அதற்குச் சற்று மேலே, இதயத்தின் பக்கமாக இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்து வையுங்கள். வழியில் அவிழ்க்காதீர்கள். "உப்புத் தண்ணி பட்டா ஆறிடும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், கடல்நீரில் இருக்கும் கிருமிகளுக்காகவே இந்தக் காயங்களை நாங்கள் உடனே தைத்து மூடாமல் கழுவிக் கழுவி வைத்திருக்கிறோம். யோஸ்ட் வான் டைக்கில் இருப்பது ஒரு சின்ன கிளினிக். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடல் தாண்டி டொர்டோலா என்ற பெரிய தீவுக்குப் போய், அங்கிருந்து சாலை வழியாக ரோட் டவுன் நகரத்துக்கு வர வேண்டும். பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில் கடல் மீட்புக்கு 767 என்ற எண், அல்லது படகு ரேடியோவில் 16ஆம் சேனல். கிளம்புமுன் போனில் பதிந்துகொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு கேப்டன் நங்கூரம் போட்டதும் சாவியை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்வார். திரும்பும்போது ஒவ்வொரு தலையையும் எண்ணி, எல்லோரும் உள்ளே உட்கார்ந்த பிறகுதான் அதைக் கழற்றுவார். உங்கள் கேப்டன் அப்படிச் செய்யாவிட்டால் நீங்களே கேளுங்கள். "சாவியை எடுத்துட்டீங்களா?" என்று கேட்க வெட்கப்பட வேண்டாம்.