துணியில்லாத குடை: டிஸ்கோன் ஆன்டெனா

பல அலைவரிசைகளைத் தாவித் தாவிக் கேட்கும் ரேடியோவான ஸ்கேனர் வாங்கியவர்கள் அடுத்துக் கேட்பது இதைத்தான்: எல்லா அலைவரிசைக்கும் ஒரே ஆன்டெனா போதாதா?

சாதாரண ஆன்டெனாக் கம்பி, பிடிக்க வேண்டிய அலையின் நீளத்தில் கால் பங்கு இருக்க வேண்டும். 75ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் அந்தக் கால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். விமானி பேசும் 118 மெகாஹெர்ட்ஸுக்கு 64 செ.மீ.; அதே விமானம் தன் இருப்பிடத்தை அனுப்பும் 1090 மெகாஹெர்ட்ஸுக்கு 7 செ.மீ.கூட வராது. கருவி நொடியில் தாவிவிடும். மொட்டைமாடிக் கம்பி நீண்டு சுருங்குமா? நீளம் பொருந்தாவிட்டால் அதன் இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு) கேபிளின் 50 ஓமிலிருந்து விலகி, வந்த சமிக்ஞையில் பெரும்பங்கு ரிசீவருக்குள் இறங்காமலே போகும்.

1945இல் அமெரிக்காவில் ஆர்மிக் காண்டோயன் காப்புரிமை பெற்ற டிஸ்கோன் இந்தச் சிக்கலை வடிவத்தால் அவிழ்க்கிறது. கீழ்நோக்கி விரியும் கூம்பு, உச்சியில் படுக்கையாக ஒரு தட்டு. கூம்பின் நுனியருகே ஒரு சிறு துண்டை வெட்டிப் பெரிதாக்கிப் பார்த்தாலும் முழுக் கூம்பு போலவே இருக்கும். சின்ன அலைக்கு நுனிப்பகுதியே ஒரு முழு ஆன்டெனா. பெரிய அலைக்கு அடிவிளிம்பு வரை வேண்டும். அதனால் இம்பீடன்ஸ் 50 ஓமை ஒட்டியே நிற்கிறது. கூம்பின் சாய்வு நீளம் 64 செ.மீ., தட்டின் விட்டம் சுமார் 45 செ.மீ. என்று அமைத்தால் 118இல் தொடங்கி ஏறத்தாழ பத்து மடங்கு வரை பிடிக்கும். காற்று தள்ளாதிருக்கத் தகட்டுக்குப் பதில் கம்பிகளை வைப்பதால், பார்க்கத் துணி கிழிந்த குடை போலிருக்கும். தட்டுக்குக் கேபிளின் நடுக்கம்பி, கூம்புக்கு வெளிவலை. இரண்டுக்கும் நடுவே சின்ன இடைவெளி. அங்கே மழைநீர் புகாமல் அடைப்பது மிக முக்கியம்.

ஆனால் டிஸ்கோன் எதையும் பெருக்கித் தராது. இரண்டு கம்பிகளாலான சாதாரண டைபோல் ஆன்டெனா அளவுக்குத்தான் பிடிக்கும். வேண்டாததையும் உள்ளே விடும். என் மாடியில் முதல் நாள் விமான அலைவரிசையில் சினிமாப் பாட்டுக் கேட்டது. பக்கத்து எஃப்எம் கோபுரத்தின் வலுவில் ரிசீவர் திணறியதன் விளைவு அது. இந்த இடத்தில் பலர் ஆம்ப்ளிஃபயர் வாங்குகிறார்கள். நோய் முற்றத்தான் செய்யும். முதலில் வாங்க வேண்டியது 88 முதல் 108 வரை தடுக்கும் எஃப்எம் ஃபில்டர்.

கேபிளையும் பாருங்கள். மெல்லிய ஆர்ஜி-58, 1000 மெகாஹெர்ட்ஸில் பத்து மீட்டருக்குள்ளேயே பாதிக்கு மேல் விழுங்கிவிடும். டிஷ் டிவிக்குப் போடும் ஆர்ஜி-6 எவ்வளவோ மேல். அது 75 ஓம் என்று தயங்க வேண்டாம், அந்தப் பொருத்தமின்மையால் போவது 0.2 டெசிபல்கூட இல்லை.

ஒரே அலைவரிசைதான் வேண்டுமென்றால் டிஸ்கோனே தேவையில்லை. பன்னாட்டு விண்வெளி நிலையம் 145.8 மெகாஹெர்ட்ஸில் பேசும்போது, அது தலைக்கு மேல் கடக்கும் பத்து நிமிடத்துக்கு 51 செ.மீ. கம்பி ஒன்று நிமிர்ந்தும் நான்கு கீழ்நோக்கிச் சாய்ந்தும் நின்றால் போதும்.