பரிசு சின்னதாக இருக்கலாம், பூட்டு இருக்க வேண்டும்

உடற்பயிற்சி நல்லது என்று தெரியாததால் யாரும் சோபாவில் சாய்ந்து கிடப்பதில்லை. மூச்சிரைப்பும் கால்வலியும் இன்றைக்கே வந்துவிடுகின்றன. இதயத்துக்குக் கிடைக்கும் நன்மையோ கண்ணுக்குத் தெரியாமல் மெதுவாகத்தான் சேர்கிறது. தள்ளி வரும் பலனை மூளை அடிமாட்டு விலைக்குத்தான் மதிப்பிடும். அதனால்தான் 'நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்ற எண்ணம் பெரும்பாலும் ஜெயிக்கிறது. உடனே கைக்குக் கிடைக்கிற ஏதாவது ஒன்றை இன்றைய தட்டில் வைத்தால் தராசு கொஞ்சம் இந்தப் பக்கம் சாயும்.

உடனே என்பதுதான் முக்கியம். வொல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் குரங்குகளின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்களைக் கவனித்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது அவை துடித்தன. விளக்கு எரிந்ததும் சாறு வரும் என்று குரங்கு பழகியபின், அந்தத் துடிப்பு விளக்கு எரியும் நொடிக்கே நகர்ந்துவிட்டது. வரவேண்டிய சாறு வராவிட்டால் செல்கள் அடங்கிப்போயின. செயலும் பரிசும் அருகருகே இருந்தால்தான் இப்படிப்பட்ட முடிச்சு சுலபமாக விழும். வாரம் முழுக்க ஓடியதற்கு ஞாயிற்றுக்கிழமை தரும் பெரிய பரிசைவிட, ஷூவைக் கழற்றுவதற்குள் கிடைக்கும் சின்ன சந்தோஷம் மேல்.

எவ்வளவு சின்னது? 2021-இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் ஓர் ஆய்வு வந்தது. அமெரிக்க ஜிம் நிறுவனம் ஒன்றின் 61,293 உறுப்பினர்களிடம் 54 உத்திகளை 4 வாரங்களுக்குச் சோதித்தார்கள். முதலிடம் பிடித்த உத்தி இதுதான்: போவதாக இருந்த நாளைத் தவறவிட்டவர் மறுபடி வந்தால் கூடுதலாகச் சில புள்ளிகள். அவற்றின் மதிப்பு 9 சென்ட். வருகை 27% கூடியது! 9 சென்ட்டுக்கு ஆசைப்பட்டு யாரும் வியர்வை சிந்தப்போவதில்லை. ஒருநாள் விட்டதும் 'சரி, அவ்வளவுதான்' என்று மொத்தமாகக் கைகழுவுகிற அந்த நேரத்தில் அது கிடைத்ததுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது. நமக்கு நாமே பரிசு வைப்பவர்கள் பெரும்பாலும் விடாமல் போனதற்குத்தான் வைக்கிறோம். விட்டுவிட்டுத் திரும்பி வந்ததற்கு வைப்பதில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. அந்த 4 வாரங்கள் முடிந்தபின்னும் பலன் தெரிந்தது 8% உத்திகளில் மட்டுமே. ஏற்கெனவே ரசித்துச் செய்வதற்குப் பரிசு வைத்தால் ரசனையே குறையவும் கூடும். ஆசையாகப் படம் வரைந்துகொண்டிருந்த குழந்தைகளுக்குச் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லி வரையவைத்தார்கள். அப்புறம் அவர்களாக வரைவது குறைந்துபோனது. 1973-இல் வெளியான இந்த ஆய்வில், சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் பெற்ற குழந்தைகளிடம் அந்தச் சரிவு இல்லை. நீச்சல் உங்களுக்கு உயிர் என்றால் அதற்குப் பரிசு எதற்கு? சும்மா நீந்துங்கள்.

சலிப்பூட்டும் பயிற்சிகளுக்குத்தான் பரிசு தேவை. அங்கே ஒரு சங்கடம், கொடுப்பவரும் வாங்குபவரும் நாமே. ஓடாமலே பரிசை எடுத்துக்கொண்டால் யார் கேட்கப்போகிறார்கள்? நடத்தை ஆய்வாளர் கேத்தரின் மில்க்மன் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தைத்தான் தொட்டது. கீழே வைக்க மனம் வராத ஒலிப்புத்தகங்களை ஐபாட் (iPod) என்ற கையடக்கப் பாட்டுக் கருவியில் ஏற்றி, அதை ஜிம்மிலேயே பூட்டிவைத்தார்கள். கதை உச்சத்தில் நிற்கும். மீதியைக் கேட்க வேண்டுமானால் மறுபடி ஜிம்முக்குத்தான் வர வேண்டும். தொடக்கத்தில் இப்படிக் கேட்டவர்களின் வருகை, ஒலிப்புத்தகம் தரப்படாதவர்களைவிட 51% அதிகம். இன்னொரு குழுவுக்குப் புத்தகங்களை அவரவர் ஐபாடிலேயே ஏற்றிக் கொடுத்து, ஜிம்மில் மட்டும் கேளுங்கள் என்றார்கள், அங்கே 29%தான். நாட்கள் போகப் போக இரண்டுமே மங்கின, நடுவில் விடுமுறை வந்ததும் இன்னும் மோசம். ஆனாலும் ஆய்வு முடிந்தபின், ஐபாடை இப்படி ஜிம்மில் பூட்டிவைக்கப் பணம் கொடுக்கவே 61% பேர் முன்வந்தார்கள்.