அடைத்த வாசலைப் பார்த்தீர்களா?

பழைய கல் வீட்டை வாங்கும் முன் வந்து பார்க்கக் கூப்பிடுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "சார், சுவர் தாங்குமா?" என்பதுதான். தாங்கும். கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு பக்கத்தில் கருங்கல்லோ வெட்டுகல்லோ வைத்து, சுண்ணாம்புச் சாந்தில் கனமாகக் கட்டிய சுவர் அவ்வளவு லேசில் விழாது. ஓடு ஒழுகாமல் பார்த்துக்கொண்டால் போதும். அந்த வீடு முழுவதும் விற்பவருக்குச் சொந்தம்தானா என்பதுதான் என் கவலை. அதற்கான துப்பு பாதி சுவரிலேயே இருக்கிறது.

உள்ளே போனதும் நான் அடைத்த வாசலைத் தேடுவேன். சுவரின் நடுவே, ஆள் உயரத்துக்கு மேல் ஒரு நீளக் கல் படுத்திருக்கும். அதன் கீழே மட்டும் செங்கல் வைத்து அடைத்து சிமெண்ட் பூசியிருப்பார்கள். தட்டினால் சத்தமே வேறு. திண்ணையின் குறுக்கே அரைச்சுவர், ஒரே கூரையின் கீழ் இரண்டு அடுக்களை என்று வரிசையாகத் தென்பட்டால், அந்த வீடு எப்போதோ பாகம் பிரிந்திருக்கலாம். தெற்கறை மூத்தவருக்கு, படிப்புரை (வாசல்கட்டு) இளையவருக்கு, கிணறும் வழியும் பொது என்று எழுதிய பாகப்பத்திரங்கள் இங்கே சகஜம். விற்பவர் கையில் இருப்பது எந்தப் பாகத்தின் ஆதாரம் என்று பாருங்கள்.

1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டோடு சேரும் வரை நாம் முதலில் திருவிதாங்கூர், 1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சி. அதனால் முன்னாதாரம், அதாவது சொத்தின் பழைய பத்திரம், பெரும்பாலும் மலையாளத்தில், கொல்லம் ஆண்டில் (மலையாள ஆண்டுக் கணக்கில்) இருக்கும். ஆங்கில ஆண்டு தெரிய, சிங்ஙம் (ஆவணி) தொடங்கி டிசம்பர் முடிய 824, ஜனவரி முதல் கர்க்கடகம் (ஆடி) முடிய 825 கூட்டிக்கொள்ளுங்கள். 1098 மீனம் (பங்குனி) என்றால் 1923. பழைய கையெழுத்து படிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து முழுசாக வாசிக்கச் சொல்லுங்கள். ஒற்றிப் பத்திரத்தை (அடமானப் பத்திரத்தை) கிரயம் என்று நம்பி மூன்று தலைமுறை குடியிருந்த குடும்பங்களும் உண்டு. இணையத்தில் எடுக்கும் வில்லங்கச் சான்று பெரும்பாலும் 1975க்குப் பின்னால்தான். அதற்கு முந்தையதற்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுத் தேட வேண்டும்.

மருமக்கள்வழிக் குடும்பத்து வீடு, அதாவது சொத்து தாய்வழியில் இறங்கும் குடும்பத்து வீடு என்றால், காரணவர் (குடும்பத் தலைவரான மூத்த ஆண்) ஒருவர் கையெழுத்தோடு நின்றுவிடாதீர்கள். நாயர்களுக்கு 1925-லும் நாஞ்சில்நாட்டு வேளாளர்களுக்கு 1926-லும் வந்த சட்டங்களுக்குப் பிறகுதான் ஆளாளுக்குப் பாகம் கேட்கும் வழி திறந்தது. பெரிய வீடுகள் பல துண்டானதும் அப்புறம்தான்.

கிறிஸ்தவக் குடும்பங்களில் சிக்கல் வேறு. 1916-ன் திருவிதாங்கூர் வாரிசுச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் மகளுக்குக் கிடைத்தது ஆண்மகன் பங்கில் கால்பங்கு அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. அதையும் சீதனத்தில் கழித்துக்கொள்வார்கள். சம பங்கு கேட்டு மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986-ல் உச்ச நீதிமன்றம், 1951 ஏப்ரல் 1 முதலே அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தேதிக்குப் பின் தகப்பனார் உயில் இல்லாமல் இறந்திருந்தால் மகளுக்கும் சம பங்கு. ஆனால் அண்ணன் தம்பிமார் மட்டும் கையெழுத்துப் போட்ட பாகப்பத்திரங்கள் அதற்குப் பிறகும் எழுதப்பட்டிருக்கின்றன. கூடப்பிறந்த அக்கா தங்கச்சிமார் எத்தனை பேர் என்று கேட்டால் சிலருக்கு முகம் மாறும். மாறட்டும், கேளுங்கள். அவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறார்களா என்று ஒரு வக்கீலை வைத்துப் பாருங்கள்.

விற்கப்போகிற வீட்டுக்குப் புதுசாக சிமெண்ட் பூசியிருந்தால் எனக்குச் சந்தேகம் இரட்டிப்பாகும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட வேண்டும். சிமெண்ட் அதை உள்ளே பூட்டிவிடும். வருஷத்துக்கு இரண்டு பருவமழை பெய்கிற ஊரில் அது சீக்கிரமே உப்பும் பொரிச்சலுமாகத் தெரிந்துவிடும். அடைத்த வாசலும் அந்தப் பூச்சுக்குள்ளே போய்விடும். அப்படியான வீட்டில் கூரைப் பக்கம் ஏறி, பூச்சு எட்டாத சுவர் உச்சியைப் பாருங்கள். கல்லும் செங்கல்லும் எங்கே சேர்கின்றன என்பது அங்கே தெரியும். அதை வைத்து ஒரு வரைபடம் போட்டு, ஆதாரத்தில் சொல்லும் நான்கெல்லையோடும் கிராமப் புலப்படத்தோடும் ஒத்துப் பார்த்த பிறகு அட்வான்ஸ் கொடுக்கலாம்.